கடன் நோட்டுதான் எங்கள் பட்டா

சாலையோரம் ஒரு பெண் இட்லிக்கடை போட்டால், அதை யாரும் ஓட்டல் என்று சொல்வதில்லை. 'அந்த அக்கா கடை', அவ்வளவுதான். அப்படி ஒரு கடையின் கதை இது. என் அம்மாவின் கடை.

கோவில்பட்டி பக்கம், மதுரை - திருநெல்வேலி மெயின் ரோட்டில், புளியமரத்தடியில் 1994-ல் அம்மா அடுப்பு மூட்டினாங்க. அப்பா இறந்து மூணு மாசம். எனக்கு 6 வயது. ஒரு இட்லிக் கொப்பரை, ஒரு பெஞ்ச், பனையோலைப் பந்தல். வேற ஒண்ணும் கிடையாது. விடியுமுன்னே லாரிக்காரங்க வந்து நிப்பாங்க. பிறகு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்கள் தூக்குச்சட்டியோடு வருவாங்க. அவங்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். வாரம் முழுக்கக் கடன். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எனக்கு எழுத வந்ததிலிருந்து கணக்கு நோட்டு என் பொறுப்பு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், "அம்மா வீட்டில்தான் இருக்காங்க" என்பேன். என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்ததே அந்த இட்லிதான்!

2006-ல் நாற்கரச் சாலைக்கு அளக்க வந்தாங்க. "பட்டா இருக்கா? ரசீது இருக்கா?" என்று கேட்டாங்க. அம்மா உள்ளே போய் அந்தக் கடன் நோட்டுகளை அள்ளிக்கொண்டு வந்து நீட்டினாங்க. பன்னிரண்டு வருஷமா அங்கே கடை நடந்ததற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். வந்தவர்கள் சிரித்தார்கள். புறம்போக்கு என்பதால் நஷ்டஈடு ஒரு பைசா கிடையாது. புளியமரமும் போச்சு, கடையும் போச்சு. அன்று 7-ஆம் எண்ணாக இருந்த நெடுஞ்சாலை இன்று 44. இப்போது அந்த வழியில் பெரிய பெரிய ஏ.சி. ஓட்டல்கள்!

2014-ல் சாலையோர வியாபாரிகளுக்கு என்று மத்திய அரசு சட்டம் போட்டது. விற்பனைச் சான்றிதழ் உண்டு. காலி செய்யச் சொன்னால் 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். குழுவில் உட்காரும் வியாபாரிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நல்ல சட்டம்தான். ஆனால் அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லையோடு நின்றுவிடுகிறது. கிராம ஊராட்சி எல்லையில், ரோட்டோரம் அடுப்பு வைத்திருக்கும் அக்காவுக்கு என்ன வழி?

கோவை வடிவேலாம்பாளையம் கமலாத்தாள் பாட்டி 1 ரூபாய்க்கு இட்லி விற்றதை 2019-ல் நாடே பார்த்து வியந்தது. 2022-ல் அவருக்குப் புது வீடும் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். ஆனால் படம் பிடிக்க ஆள் வராத பாட்டிகள் எத்தனை பேர்!

சகோதரிகளே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் ஊரில் சாலையோரம் சாப்பாட்டுக்கடை நடத்தும் பெண்களின் பெயரையும், கடை தொடங்கிய வருஷத்தையும் ஊராட்சிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். நாளைக்கு ரோடு அகலமாகும்போது, அவங்க கையில் கடன் நோட்டு மட்டும் இருக்கக் கூடாது.

அந்த நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். "எங்க ஆச்சி ஓட்டல் வச்சிருந்தாங்க" என்று என் மகள் பள்ளிக்கூடத்தில் சொல்கிறாள். நான் சொல்லத் தவறியதை அவள் சொல்லட்டும்.

- ஒரு வாசகி, கோவில்பட்டி.