முகத்துக்கு எத்தனை மில்லிமீற்றர்?

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு இரவு ரொறன்ரோவிலிருந்து எனது மருமகன் தொலைபேசியில் அழைத்தான். சுகநலம் விசாரித்து முடிந்ததும் ஒரேயொரு கேள்விதான் கேட்டான்.

"மாமா, 85 வாங்கட்டோ, 135 வாங்கட்டோ?"

கமராவோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி உடனே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்லுகிறேன். மனித முகங்களைப் படம் பிடிப்பதற்கு ஏற்ற, குவியத்தூரம் மாறாத தொலைநோக்கு வில்லைகளில் 85 மில்லிமீற்றரும் 135 மில்லிமீற்றரும் காலங்காலமாகப் போட்டியிட்டு வருபவை. இவற்றில் துவாரம் பெரிதாக உள்ளவற்றை 'வேகமான' வில்லைகள் என்பார்கள். துவாரம் பெரிதானால் ஒளி அதிகம் உள்ளே வரும். ஒளி அதிகம் வந்தால் கதவு வேகமாகத் திறந்து மூடலாம். வேகம் என்ற பெயர் வந்த காரணம் அவ்வளவுதான்.

மருமகனிடம் கனொன் நிறுவனத்தின் ஆடியற்ற கமரா ஒன்று உண்டு. அதற்கு 85 மி.மீ. எஃப் 1.2 வாங்குவதா, அல்லது பாவித்த பழைய 135 மி.மீ. எஃப் 2 ஒன்றை இணைப்பு வளையத்துடன் வாங்குவதா என்பதே அவனது தடுமாற்றம். யாரைப் படம் எடுப்பதற்கு என்று கேட்டேன். சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அம்மாவை" என்றான்.

அவனது அம்மா என் மூத்த அக்கா. வயது எண்பத்து மூன்று. அந்த மௌனத்தின் பொருள் எனக்கு விளங்கியது. எங்கள் தந்தையாருக்கு இருக்கும் ஒரேயொரு படம் தேசிய அடையாள அட்டைக்காக 1970களில் எடுக்கப்பட்டது. அதைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டு வைத்திருக்கிறோம். பெரிதாக்கியதில் கண்கள் இரண்டும் கறுப்புப் புள்ளிகளாகிவிட்டன. அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன் அவன். ஆகவே கடைக்காரரின் கேள்விக்குச் சொல்லும் பதிலை அவனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் யோசித்து எழுதிய பதிலையே இங்கு சற்று விரித்துத் தருகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்க்க வேண்டும். நீண்ட வில்லை முகத்தை அழகாக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். முகத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது வில்லை அல்ல. நாம் நிற்கும் தூரம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையில் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் ஆழம் உண்டு என்று வைத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியை மூக்கிலிருந்து அரை மீற்றரில் பிடித்தால், காதோடு ஒப்பிடும்போது மூக்கு ஏறத்தாழ 24 சதவீதம் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீற்றருக்குப் பின்வாங்கினால் அது 8 சதவீதமாகக் குறையும். இரண்டரை மீற்றரளவில் 5 சதவீதம். கைத்தொலைபேசிப் படத்தில் தாங்கள் தாங்களாக இல்லையென்று வயதானவர்கள் முறையிடுவது வெறும் மனப்பிரமை அல்ல.

இனி அந்தத் தூரக் கணக்கை வில்லைகளுக்குப் பொருத்திப் பார்ப்போம். தலையும் தோளும் சட்டகத்தை நிரப்பும் நெடுக்குவாட்டுப் படம் எடுக்க 85 மி.மீ. வில்லையோடு ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் தூரத்தில் நிற்க வேண்டும். 135 மி.மீ. ஆனால் ஏறத்தாழ 2.4 மீற்றர். 200 மி.மீ. ஆனால் மூன்றரை மீற்றர். முகத்தின் விகிதத்தில் இந்த மூன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஒன்றரை மீற்றர் என்பது இரண்டு பேர் தேநீர் குடித்தபடி கதைக்கும் தூரம். மூன்றரை மீற்றரில் குரலை உயர்த்தாமல் கதைக்க முடியாது. செவிப்புலன் குறைந்த ஒரு மூதாட்டியோடு அந்தத் தூரத்தில் நின்று உரையாடுவது எப்படி?

அடுத்தது பின்னணியை மங்கலாக்கும் விடயம். இன்று வேகமான வில்லை வாங்குவோரில் பெரும்பாலானோர் இதற்காகவே பணத்தைக் கொட்டுகிறார்கள். குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 85 மி.மீ. எஃப் 1.2க்கு அது 71 மில்லிமீற்றர். 135 மி.மீ. எஃப் 2க்கு 67.5 மில்லிமீற்றர். 200 மி.மீ. எஃப் 2.8க்கு மறுபடியும் 71. முகம் சட்டகத்தில் ஒரே அளவில் இருக்குமானால், வெகு தொலைவிலுள்ள பின்னணி எவ்வளவு மங்கும் என்பது இந்த விட்டத்தைப் பொறுத்ததே. அதாவது இந்த மூன்று வில்லைகளும் தூரத்துப் பின்னணியை ஏறத்தாழ ஒரே அளவிலேயே கரைக்கும்.

ஆனால் முகத்தில் தெளிவாக விழும் ஆழம் அப்படியல்ல. அது எஃப் எண்ணைப் பொறுத்தது. மேற்சொன்ன தலையும் தோளும் படத்தில், முழுச் சட்டகக் கமராவில், எஃப் 1.2இல் கிடைக்கும் தெளிவாழம் இரண்டு சென்ரிமீற்றரளவு மட்டுமே. எஃப் 2இல் மூன்றரை. எஃப் 4இல் ஏழு. ஒருவர் முகத்தை 30 பாகை திருப்பினால் அவரது இரு கண்களுக்கும் இடையிலான ஆழ வேறுபாடே மூன்று சென்ரிமீற்றரளவு வந்துவிடும். எனவே எஃப் 1.2இல் ஒரு கண் தெளியும். மற்றக் கண் மங்கும். இன்றைய கமராக்கள் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடித்துக் குவிக்கின்றன என்பது உண்மை. எந்தக் கண்ணை என்பதுதான் பிரச்சினை. இரண்டும் தெளிய வேண்டுமென்றால் எஃப் 4 அளவுக்கு மூடியே ஆக வேண்டும். மூடுவதற்காகவா அத்தனை பணம் கொடுத்துத் திறப்பை வாங்குவது?

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றைச் சொல்லியாக வேண்டும்.

1980களின் முற்பகுதி. நான் பணியாற்றிய பத்திரிகையில் நாற்பது ஆண்டுகள் அச்சுக்கோப்பாளராக இருந்த பெரியவர் ஓய்வு பெற்றார். பிரியாவிடைச் செய்திக்குப் படம் தேவைப்பட்டது. அன்று படப்பிடிப்பாளர் வரவில்லை. அலுவலகத்துக்கு அப்போதுதான் 85 மி.மீ. எஃப் 1.4 வில்லை ஒன்று வந்திருந்தது. எனக்கு அதன்மேல் ஒரு கண். மாலை வெளிச்சத்தில் அவரை எழுத்துப் பெட்டிகளின் முன்னால் நிறுத்தி, வில்லையை முழுதாகத் திறந்து ஐந்தாறு படங்கள் எடுத்தேன். பிரதி போட்டுப் பார்த்தபோது எல்லோரும் பாராட்டினார்கள். இடது கண்ணின் இமைமயிரை எண்ணலாம். பின்னால் பனிமூட்டம் போல் ஓர் அழகான மங்கல். மறுநாள் மூன்று பத்தி அகலத்தில் படம் வெளிவந்தது.

அதே ஆண்டு அச்சகம் நவீனமயமானது. ஈய எழுத்துகள் நிறைக்கு விற்கப்பட்டன. பெட்டிகள் விறகாயின. சில வருடங்களில் பெரியவர் காலமானார். அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டுக்காக அவரது மகள் என்னிடம் வந்தார். "அப்பா வேலை செய்த இடம் தெரியிற மாதிரி ஒரு படம் இருக்கோ, ஐயா?" என்று கேட்டார்.

இருந்தது ஐந்தாறு படங்கள். எல்லாவற்றிலும் பனிமூட்டம். பெட்டிகளும் இல்லை, அவற்றினுள் வேகமாகப் பாய்ந்த அவரது விரல்களும் இல்லை. விரல்கள் சட்டகத்துக்குள் வந்த ஒரு படத்திலும் அவை மங்கியே கிடந்தன. நாற்பது வருட உழைப்பை நான் எஃப் 1.4இல் கரைத்துவிட்டேன். அந்த அறையை இனி யாரும் படம் எடுக்க முடியாது.

வீடுகளையும் ஊர்களையும் அடிக்கடி இழந்த எங்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இடம்பெயர்ந்தவர்களின் பழைய படங்களைப் பாருங்கள். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகத்தை விட, அவருக்குப் பின்னால் தெரியும் முற்றத்து வேம்பையும் தலைவாசலையும்தான் இன்று விரலால் தொட்டுக் காட்டுகிறார்கள். நல்ல காலம், அந்த ஸ்ரூடியோக்காரர்களிடம் வேகமான வில்லை இருக்கவில்லை.

முகப்படம் என்றதும் உலகம் நினைக்கும் படங்களில் ஒன்று, ஸ்டீவ் மக்கரி 1984இல் பெஷாவருக்கு அருகே அகதிமுகாம் ஒன்றில் எடுத்த ஆப்கான் சிறுமியின் படம். 1985 ஜூன் மாத நெஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் அது வெளிவந்தது. அது எடுக்கப்பட்ட வில்லை நிக்கோனின் 105 மி.மீ. எஃப் 2.5. துவார விட்டம் 42 மில்லிமீற்றர். வேக வில்லைகளின் வரிசையில் அதற்கு முன்வாங்கு கிடையாது. ஆனால் அந்த இரு கண்களையும் உலகம் மறக்கவில்லை.

அந்தப் படம் இன்னொன்றையும் கற்பிக்கிறது. முகம் உலகப் புகழ் பெற்றது. அந்த முகத்துக்கு உரியவர் ஷர்பத் குலா என்பது 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை வெளியே தெரியாது. அதுவரை அவர் தன் படத்தையே பார்த்திருக்கவில்லை. நல்ல வில்லை மனிதருக்கு அருகில் நம்மைக் கொண்டுபோகும் என்பது பாதி உண்மை. பெயரைக் கேட்டு எழுதுவதும் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் வில்லையின் வேலையல்ல. என் தொழிலில் இருந்தவர்கள், நான் உட்பட, இதில் பலமுறை தவறியிருக்கிறோம்.

மருமகனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். அவன் சொன்ன இரண்டையும் வாங்க வேண்டாம். அதே நிறுவனம் 2020இல் வெளியிட்ட 85 மி.மீ. எஃப் 2 வில்லையை வாங்கு. நிறை 500 கிராம். 2019இல் வந்த எஃப் 1.2 வில்லையோ 1,195 கிராம். விலையும் நான்கு மடங்குக்கு மேல். எஃப் 2இன் துவார விட்டம் 42.5 மில்லிமீற்றர், மக்கரியின் வில்லைக்கு ஏறத்தாழச் சமம். அதிர்வு தடுக்கும் வசதியும் உண்டு. 35 சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம் என்பதால் அம்மாவின் கைகளையும் தனியே எடுக்கலாம். எண்பத்து மூன்று வருடம் உழைத்தவை கைகள்தானே.

135ஐ நான் குறைத்து மதிப்பிடவில்லை. அரங்கேற்ற மேடைக்கும் தேர்த்திருவிழாச் சனத்துக்கும் அது அருமையான வில்லை. 85 எஃப் 1.2ஐ விடத் தெளிவாழம் கூட, விலையும் குறைவு. ஆனால் வீட்டுக்குள் அது உதவாது. ஒருவரை நிற்க வைத்து முழு உருவமாக எடுக்க 85க்கு ஏறத்தாழ ஐந்து மீற்றர் போதும். 135க்கு ஏழரை மீற்றர் வேண்டும். அதற்குச் சுவரைத்தான் உடைக்க வேண்டும். மறுபுறம், 45 மெகாபிக்சல் படமொன்றை 85இல் எடுத்து 135இன் சட்டகத்துக்கு வெட்டினாலும் 18 மெகாபிக்சல் மிஞ்சும். சுவரில் மாட்ட அது தாராளம்.

எஃப் 1.2க்கும் ஒரு நியாயம் உண்டு. எஃப் 2ஐ விட அது இரண்டே முக்கால் மடங்கு ஒளியை உள்ளே விடும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஓடித் திரியும் குழந்தையைப் படம் எடுப்பவருக்கு அது பெரிய உதவி. குவியும் வேகத்தில் எஃப் 2 சற்று மந்தமானது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஜன்னலோரம் கதிரையில் அமர்ந்திருக்கும் மூதாட்டி எங்கும் ஓடப்போவதில்லை. ஒளி போதாவிட்டால் திரைச்சீலையை விலக்கலாம், அதற்குக் காசில்லை. பின்னணியை மங்கலாக்குவது மட்டுமே நோக்கமென்றால், அதை இன்று கைத்தொலைபேசியே கணக்குப் போட்டுச் செய்து தருகிறது.

கடைசியாக ஒன்று சொன்னேன். முதல் நாள் கமராவைத் தொடாதே. கதிரையைப் போட்டு ஒன்றரை மீற்றரில் உட்கார்ந்து அம்மாவோடு கதை. இரண்டாம் நாள் எஃப் 4இல் வைத்து எடு. சில படங்களை எஃப் 8இலும் எடு. அவள் இருக்கும் அறையும் படத்தில் இருக்கட்டும்.

போன கிழமை படம் வந்தது. சமையலறை மேசை. இரு கண்களும் தெளிவு. பின்னால் ஜன்னலோரத்தில் கறிவேப்பிலைச் சாடி, சுவரில் திகதிகளைச் சுழித்து வைத்த நாட்காட்டி. அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"கிழவி மாதிரி இருக்கிறன். இதுக்கே இவ்வளவு காசு செலவழிச்சவன்?" என்றார்.

நான்கு மடங்கு மிச்சப்படுத்திய கதையை அவருக்குச் சொல்லவில்லை. பெரிதாக்கிச் சட்டகம் போட்டு எனக்கொரு பிரதி அனுப்பும்படி மருமகனுக்கு எழுதியிருக்கிறேன். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அங்கு மாட்டப் போவதில்லை. என் மேசைக்கு முன்னால்தான்.