கட்டடத் தொழிலாளர் பயிற்சி: பணம் இருந்தும் பலன் எட்டாதது ஏன்?

புது தில்லி: கட்டடத் தொழிலாளர்களுக்கு அரசுச் செலவில் பயிற்சி அளிக்கும் திட்டங்களுக்கு நாட்டில் பஞ்சமில்லை, நிதிக்கும் பஞ்சமில்லை. ஆனால், தலைநகரின் சாலைச் சந்திப்புகளில் விடியற்காலையில் வேலைக்குக் காத்து நிற்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அப்பயிற்சியால் என்ன பயன் என்கிற கேள்வி நீடிக்கிறது.

கட்டுமானச் செலவில் 1 சதவீதத்தைத் தீர்வையாக வசூலித்து, மாநில நல வாரியங்கள் மூலம் தொழிலாளர்களுக்கே செலவிட வேண்டும் என்பதே 1996-ல் இயற்றப்பட்ட சட்டங்களின் நோக்கம். ஆனால், நடந்தது வேறு. ரூ. 37,400 கோடிக்கு மேல் வசூலாகியும் சுமார் ரூ. 9,500 கோடி மட்டுமே செலவிடப்பட்டதை, 2018 மார்ச் 19-ம் தேதி அளித்த தீர்ப்பில் நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு சுட்டிக்காட்டியது. அப்போது இத்துறையில் நாலரை கோடிக்கும் மேற்பட்டோர் இருப்பதாக மதிப்பிடப்பட்டது.

அதையடுத்து மத்திய அரசு வகுத்த மாதிரி நலத் திட்டத்தில் திறன் பயிற்சியும் இடம்பெற்றது. 2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1996-ம் ஆண்டுச் சட்டங்கள் விடைபெற்றுவிட்டன. எனினும், தீர்வையும் நல வாரியங்களும் தொடர்கின்றன.

மறுபுறம், 2015-ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், அனுபவத்தால் தொழில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கும் முறை வந்தது. 2016-20 காலகட்டத்தில் இதில் தேறியவருக்கு அளிக்கப்பட்ட தொகை ரூ. 500, கொத்தனாருக்கு இது ஓரிரு நாள் கூலி. 2022 ஜூனில் மத்திய நகர்ப்புற அமைச்சகம் தொடங்கிய 'நிபுண்' திட்டத்திலும், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் என்கிற இலக்கில் சுமார் 80 ஆயிரம் பேர் இவ்வாறு சான்றளிக்கப்பட வேண்டியவர்களே. புதிதாகத் தொழில் கற்பிக்க ஒதுக்கப்பட்டது சுமார் 14 ஆயிரம் இடங்கள்தான். தெரிந்த தொழிலுக்குச் சான்று அளிப்பது ஒன்று. சித்தாளைக் கொத்தனாராக உயர்த்துவது மற்றொன்று.

சான்றிதழின் மதிப்பும் ஐயத்துக்குரியதே. தில்லியில் ஆள் எடுப்பவர் பெரும்பாலும் ஒப்பந்ததாரரின் மேஸ்திரி. அவர் பார்ப்பது கைவேலையையும் ஊர்ப் பழக்கத்தையும்தான். பயிற்சிக்காக வேலையை விட்டால் அன்றைய கூலி போய்விடும். பிகாரிலிருந்தோ உத்தரப் பிரதேசத்திலிருந்தோ வந்தவருக்கு மற்றொரு தடையும் உண்டு: நல வாரியங்கள் மாநில அளவிலானவை, தொழிலாளியோ வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் செல்பவர்.

திறனுக்கு உரிய கூலி கிடைக்கும் என்றால் தொழிலாளர்கள் எந்த எல்லைக்கும் செல்வார்கள் என்பதை 2024 காட்டியது. போர் நடந்துகொண்டிருந்த இஸ்ரேலில் வேலைக்கு ரோத்தக்கிலும் லக்னௌவிலும் நடந்த தேர்வுகளுக்கு ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். சென்ட்ரிங், கம்பி வளைப்பு, ஓடு பதித்தல், பூச்சு வேலை ஆகியவற்றுக்கு மாதம் ரூ. 1.37 லட்சம் ஊதியம் அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால், சென்றவர்களில் சிலருக்குத் திறன் போதாமல் வேறு பணி தரப்பட்டதாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. தேர்வு நடத்துவது பயிற்சிக்கு ஈடாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பலன் தந்த முயற்சிகளும் இல்லாமலில்லை. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், பயனாளிக்கு வீடு கட்டும்போதே 45 நாள் கொத்தனார் பயிற்சி தரப்படுகிறது. ஜார்க்கண்டில் தூய்மை இந்தியா திட்டக் கழிப்பறைகளைக் கட்டியதன் மூலம் தொழில் கற்ற பெண்கள் 'ராணி மிஸ்திரி' என்று பெயர் பெற்றனர். கல்லும் மண்ணும் சுமப்பதே பெண்ணின் வேலை என்றிருந்த துறையில் இது சிறிய மாற்றமல்ல. இரண்டிலும் வகுப்பறை அல்ல, வேலையிடமே பள்ளியாக இருந்தது.

இதிலிருந்து அரசுகள் பாடம் கற்க வேண்டும். பயிற்சி நாள்களுக்கான கூலியை நல வாரிய நிதியிலிருந்து ஈடுசெய்யலாம். குறைந்தபட்சக் கூலி அறிவிக்கைகளில் திறன் பெற்றோர், பெறாதோர் என்கிற பிரிவுகள் ஏற்கெனவே உள்ளன. அரசுப் பணிகளில் சான்றிதழ் பெற்றவருக்கு உயர் பிரிவுக் கூலி கட்டாயம் என ஒப்பந்தத்திலேயே நிபந்தனை சேர்க்கலாம். அதைச் செய்யாதவரை, சான்றிதழ்களின் எண்ணிக்கை அரசின் சாதனைப் பட்டியலில் உயருமே தவிர, தொழிலாளியின் கூலியில் தென்படாது.