முகாமை எண்ணியது போதும், பல்லை எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

பல் முகாம் நடந்தால் இத்தனை பேர் பயனடைந்தார்கள், இத்தனை பேஸ்ட் வழங்கப்பட்டது என்று கணக்கு வந்துவிடும். பிள்ளைகளின் வாயில் சொத்தை கூடியதா குறைந்ததா என்பது மட்டும் அதில் இருக்காது.

அதை அளக்க 1938லேயே அமெரிக்காவில் க்ளைன், பாமர், நட்சன் மூவரும் வழி சொல்லிவிட்டார்கள். சொத்தையான பல் எத்தனை, சொத்தையால் பிடுங்கியது எத்தனை, அடைத்தது எத்தனை. மூன்றையும் கூட்டினால் ஓர் எண். 12 வயதுப் பிள்ளைகளின் சராசரியை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம் நாடுகளை ஒப்பிடுகிறது. கூட்டுத்தொகையைவிட அதற்குள் இருக்கும் பங்கீட்டைத்தான் நான் பார்ப்பேன். சொத்தை நிறைய, அடைத்தது சைபர் என்றால் அந்த ஊருக்குப் பல் டாக்டர் எட்டவே இல்லை என்று அர்த்தம். அங்கே பேஸ்ட் கொடுத்து என்ன பயன்?

அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே இருக்கும் ஊர். பௌர்ணமி வந்தால் தெருவெல்லாம் கடை. பிள்ளைகள் கையில் தேன் மிட்டாய், பஞ்சு மிட்டாய். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது. சாப்பாட்டுக்கு நடுவே ஒட்டும் மிட்டாய் தின்றால் சொத்தை ஏறும் என்று 1940களில் ஸ்வீடனின் விபெஹோல்ம் காப்பகத்தில் கண்டார்கள். சம்மதம் சொல்ல முடியாத நோயாளிகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கண்டது அது. அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பல் வரிசையின் கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. "பால்பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். ஆனால் அது நிலைத்த பல், போனால் போனதுதான். அதன் பள்ளங்களைச் சொத்தை வருமுன் பூசி அடைத்துவிடலாம். எந்தப் பள்ளியில் முதலில் என்பதை எண்ணிக்கைதான் சொல்லும்.

சொத்தையைத் தடுக்க ஃப்ளோரைடு கொடுக்கும் விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் தண்ணீர் போனதே நிலத்தடி நீரில் அது மிஞ்சிப்போனதால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. முதலில் ஊர் ஊராக போர் தண்ணீரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புதுத் துறை எதுவும் தேவையில்லை. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுதோறும் பள்ளிக்கு வருகிறது. அதன் பட்டியலில் பற்சொத்தையும் உண்டு. அந்தக் குழுவோடு, இப்படி எண்ணப் பயிற்சி பெற்ற ஒரு பல் மருத்துவரையும், பக்கத்தில் உட்கார்ந்து எழுத ஒருவரையும் அனுப்புங்கள். வரும் எண்ணைப் பள்ளிவாரியாக வெளியிடுங்கள், பிள்ளைகளின் பெயர் இல்லாமல். மூன்று ஆண்டு கழித்து அதே பள்ளிகளில் திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அடி அண்ணாமலைவாசி ஒருவர்