வக்கீல்களின் ஆண்டுக் கணக்கு

வருஷம் முடிந்தால் ஆலை முதலாளிகள் லாபக் கணக்குப் பார்ப்பதை நாம் அறிவோம். அமெரிக்காவில் வக்கீல் நிறுவனங்களும் கணக்கு வெளியிடுகின்றன. விபத்தில் கை கால் இழந்தவர்களுக்காகவும், போலீசாரால் தாக்கப்பட்டவர்களுக்காகவும் வழக்காடும் நிறுவனங்கள் அவை. இத்தனை வழக்குகளில் ஜெயித்தோம், இத்தனை லட்சம் டாலர் நஷ்டஈடு வாங்கினோம் என்று பகிரங்கமாகப் பட்டியல் போடுகின்றன. வக்கீல்கள் விளம்பரம் செய்வதை அடியோடு தடுக்க முடியாது என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 1977-ல் தீர்ப்பளித்த பிறகு பெருகிய வழக்கம் இது. நம் நாட்டில் பார் கவுன்சில் விதி இதற்கு இடம் தருவதில்லை.

பட்டியலைக் கண்டு ஏளனம் செய்வது சுலபம். நாம் அப்படிச் செய்யப் போவதில்லை. கையில் காசில்லாத தொழிலாளி அங்கே பெரிய கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்க முடிகிறதென்றால், அதற்கு இந்த வக்கீல்களின் பீஸ் முறையே காரணம். முன்பணம் கிடையாது. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் சாதாரணமாக மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு. தோற்றால் பீஸ் இல்லை. மூன்றில் ஒரு பங்கு அதிகம்தான். ஆனால் வக்கீலே இல்லாமல் கம்பெனி நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்கு என்ன கிடைக்கும்?

அதே முறைதான் எந்த வழக்கை எடுப்பது, எதை வாசலோடு திருப்பி அனுப்புவது என்பதையும் நிர்ணயிக்கிறது. நஷ்டஈட்டில் ஒரு முக்கியப் பகுதி, இழந்த சம்பாத்தியத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மானேஜரின் கைக்கு ஒரு விலை, தோட்டக் கூலியின் கைக்கு வேறு விலை! கூலி குறைந்தால் நஷ்டஈடு குறையும். நஷ்டஈடு குறைந்தால் வக்கீலின் பங்கும் குறையும். பிறகு அந்த வழக்கை யார் தொடுவார்கள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டியலில் லாரி கம்பெனி இருக்கும், மெஷின் செய்த கம்பெனி இருக்கும், ஆஸ்பத்திரி இருக்கும். அடிபட்டவன் வேலை செய்த ஆலையின் முதலாளி பெரும்பாலும் இருக்கமாட்டார். 1911 முதல் ராஜ்யம் ராஜ்யமாக வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டங்கள், தவறு யாருடையது என்று பாராமல் ஒரு தொகை கிடைக்கச் செய்தன. அதற்குப் பதிலாக, சொந்த முதலாளி மீது வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளியிடமிருந்து பெரும்பாலும் எடுத்துக் கொண்டன.

போலீஸ் அக்கிரம வழக்குகளுக்கு வருவோம். சிகாகோ நகரில் 1969-ல் சில இளம் வக்கீல்கள் மக்கள் சட்ட அலுவலகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அவ்வருஷம் டிசம்பர் 4-ந் தேதி விடியுமுன் போலீசார் ஒரு வீட்டுக்குள் புகுந்து, கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய் கிளைத் தலைவர் பிரெட் ஹாம்ப்டனையும் மார்க் கிளார்க்கையும் சுட்டுக் கொன்றனர். ஹாம்ப்டனுக்கு வயது 21. போலீசார் சுட்டவை எண்பது குண்டுகளுக்கு மேல். வீட்டுக்குள்ளிருந்து சுடப்பட்டது ஒன்றுக்கு மேல் இருக்க முடியாது என்று சமஷ்டி கிராண்ட் ஜூரியே கண்டது. அந்த வீட்டின் வரைபடத்தை எப்.பி.ஐ.க்குக் கொடுத்தவன் கட்சிக்குள் இருந்த உளவாளி.

உயிர் தப்பியவர்களும் மாண்டவர்களின் குடும்பத்தாரும் வழக்குத் தொடுத்தார்கள். 1976-ல் தொடங்கிய விசாரணை பதினெட்டு மாதம் நடந்தது. 1977-ல் ஜட்ஜ் வழக்கைத் தள்ளினார்! அந்த வருஷம் இந்த வக்கீல்கள் சாதனைப் பட்டியல் போட்டிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பார்கள்? அவர்கள் விடவில்லை. எப்.பி.ஐ. பல்லாயிரம் தாள்களை மறைத்து வைத்திருந்தது அம்பலமாகியிருந்தது. 1979-ல் மேல் கோர்ட் வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1982-ல், சம்பவம் நடந்து பதின்மூன்று வருஷம் கழித்து, 18 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ராஜி ஏற்பட்டது. நகரமும், கவுண்டியும், சமஷ்டி சர்க்காரும் பங்கிட்டுக் கொடுத்தன. கொன்ற குற்றத்துக்காக ஒருவரும் சிறை செல்லவில்லை.

பணம் யாருடையது? 2020 மே மாதம் மின்னியாபொலிஸ் நகரில் போலீஸ்காரன் முழங்காலில் சிக்கி மாண்ட ஜார்ஜ் பிளாய்டின் குடும்பத்துக்கு 2021 மார்ச்சில் 2 கோடி 70 லட்சம் டாலர் தர நகர சபை சம்மதித்தது. அங்கே கொலைகாரன் தண்டனையும் பெற்றான், அது அபூர்வம். தொகையைக் கொடுத்தது நகரம். ஜோன்னா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியை பெரிய போலீஸ் இலாகாக்களின் கணக்குகளை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்: இத்தகைய வழக்குகளில் கொடுக்கப்பட்ட தொகையில் 99.98 சதவிகிதம் சர்க்கார் பணம். அடித்தவன் பையிலிருந்து போனது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வரி கட்டும் ஜனங்கள், அடிபட்டவனின் தெருவில் குடியிருப்பவர்கள் உள்பட, அபராதம் கட்டுகிறார்கள். பட்டியலில் தொகை இருக்கிறது. இந்த விவரம் இல்லை.

டாலர் கணக்கில் ஏறாத வெற்றியும் உண்டு. நம் விவசாயத் தொழிலாளர்கள் இதைக் கேட்க வேண்டும். கலிபோர்னியாவில் கீரைத் தோட்டங்களிலும் பீட்ரூட் வயல்களிலும் கூலிகளின் கையில் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்தைக் கொடுத்தார்கள். பிடி ஒரு முழத்துக்கும் குறைவு. நாள் முழுவதும் இடுப்பை மடித்தே நிற்க வேண்டும். நீளப் பிடி பயிரைக் கெடுக்கும் என்றார்கள் முதலாளிகள். நிஜக் காரணம் கங்காணிக்குத் தெரியும்: எவன் நிமிர்ந்தாலும் அவன் வேலை செய்யவில்லை என்று தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம்! வாலிபத்திலேயே முதுகெலும்பு தேய்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

1966-ல் ஏற்பட்ட கலிபோர்னியா கிராமப்புறச் சட்ட உதவி ஸ்தாபனம் இதை எடுத்தது. இது பங்குக்கு வழக்காடும் நிறுவனமல்ல. பொது மானியத்தில் நடப்பது. கவர்னராக இருந்த ரீகன் 1970-ல் அந்த மானியத்தையே நிறுத்தப் பார்த்தார். 1972-ல் கருவியைத் தடை செய்யக் கோரி மனுப் போட்டார்கள். கருவி உடைந்திருந்தால்தான் ஆபத்தானது என்று சொல்லி அதிகாரிகள் மறுத்தனர். 1975 ஜனவரியில் ராஜ்ய சுப்ரீம் கோர்ட் அந்த வாதத்தைத் தள்ளியது: உபயோகிக்கும் விதத்தாலும் கருவி ஆபத்தாகும். அவ்வருஷமே தடை வந்தது. நஷ்டஈடாகச் சல்லிக்காசு கேட்ட வழக்கல்ல இது. வயலில் ஆயிரக்கணக்கானோர் நிமிர்ந்தார்கள்.

பிறகு சில பண்ணைகள் கருவியே இல்லாமல் வெறும் கையால் குனிந்து களை பறிக்கச் சொன்னார்கள். அதற்குக் கட்டுப்பாடு வந்தது 2004-ல்.