படித்தால் கெட்டுப்போகுமா எழுத்து?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கிவிட்டால் ஊரெங்கும் நூல் வெளியீடுகள்தான். பொன்னாடை, முதல் பிரதி, வாழ்த்துரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு எழுந்திருக்கும் புதிய எழுத்தாளர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை: “நான் அதிகம் படிக்கிறவன் இல்லை. படித்தால் அவர்களுடைய பாதிப்பு என் எழுத்தில் வந்துவிடும்.” உடனே கைதட்டல். புத்தகத்தை முழுதாகப் படிக்க நேரம் கிடைக்கவில்லை என்று முன்பே சொல்லிவிட்ட வாழ்த்துரைக்காரரும் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்.

வாசிப்பு சொந்தக் குரலைக் கெடுத்துவிடும் என்ற இந்த எண்ணம், அடக்கத்தின் உடையில் வரும் ஆணவம். நம் இலக்கிய வரலாற்றில் அதற்கு ஒரு சான்றும் இல்லை.

பாரதியைவிடத் தனிக் குரல் யாருக்கு? அவர் இளமையில் ஷெல்லியிடம் மயங்கி, ‘ஷெல்லிதாசன்’ என்றே புனைபெயர் வைத்துக்கொண்டவர். அமெரிக்கக் கவி விட்மனைப் பற்றித் தமிழில் எழுதியவர். கம்பனும் தாயுமானவரும் சித்தர்களும் அவருக்குள் ஊறிக் கிடந்தார்கள். இத்தனை பேருடைய பாதிப்பையும் வாங்கிக்கொண்டு பாரதி பாரதியாகத்தான் இருந்தார். 42 வயதில் மறைந்த புதுமைப்பித்தன் மொழிபெயர்த்த வெளிநாட்டுக் கதைகள் தனித் தொகுப்பாகும் அளவுக்கு இருக்கின்றன. அதனால் அவருடைய திருநெல்வேலி நக்கல் ஒரு சிட்டிகையாவது குறைந்ததா?

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு கி. ராஜநாராயணனைக் கொண்டுவந்து நிறுத்தும். மழைக்குத்தான் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்கியதாக அவர் வேடிக்கையாகச் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர்கள் பலர். பள்ளிக்கூடத்தை விட்டவர் புத்தகத்தையும் விட்டவர் என்று யார் சொன்னது? கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இடைசெவல் என்ற சிறு கிராமத்தில், 1923இல் பிறந்த இரண்டு பேர் நண்பர்களாகச் சேர்ந்து வளர்ந்தார்கள். ஒருவர் கி.ரா., மற்றவர் கு. அழகிரிசாமி. புத்தகத்தையும் சங்கீதத்தையும் தேடித் தேடி அனுபவித்த கூட்டாளிகள். அழகிரிசாமி கார்க்கியை மொழிபெயர்த்தார், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தைப் பதிப்பித்தார். கி.ரா. கரிசல் மக்களின் வாய்ச்சொற்களைப் பொறுக்கிச் சேர்த்து 1982இல் ஓர் அகராதியே போட்டார். 1970இல் அழகிரிசாமிக்கும் 1991இல் கி.ரா.வுக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கரிசல் மண்ணின் மகிமை என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. அதே மண்ணில் வேறு எத்தனையோ பேர் பிறந்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட ஜெயகாந்தன் கதையும் இதேதான். கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் தோழர்களோடு வாழ்ந்த நாட்களில், பேச்சும் விவாதமும் வாசிப்பும்தான் அவருக்குப் பாடசாலை.

படிக்காதவர் பாதிப்பே இல்லாமல் எழுதுகிறாரா என்றால், அதுவும் இல்லை. அவருடைய கைப்பிரதியைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும். கையில் ஆவி பறக்கும் தேநீர் இருக்கும். மூன்றாம் பக்கத்தில் பழைய காதலி பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நிற்பாள். வசனம் நேற்றுப் பார்த்த சினிமாவிலிருந்தும், தத்துவம் காலையில் வந்த வாட்ஸ்அப் செய்தியிலிருந்தும் வந்திருக்கும். ஆயிரம் பேர் எழுதித் தேய்த்த காட்சி அது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் படித்திருக்க வேண்டும். பாதிப்பிலிருந்து தப்ப யாராலும் முடியாது. யாருடைய பாதிப்பு என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும். அந்த உரிமையைத்தான் படிக்காதவர் கைவிடுகிறார்.

படித்துவிட்டுக் காப்பியடிக்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். சுஜாதாவின் துள்ளல் நடையையும் லா.ச.ரா.வின் மந்திர உச்சாடனத்தையும் அப்படியே இறக்கிய கதைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஒரே ஒருவரைப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் அப்படித்தான் ஆகும். ஐம்பது பேரைப் படித்தவருக்கு ஒருவரின் நடை இன்னொருவரின் நடையோடு மோதும். அந்த மோதலில்தான் தன் குரல் எது என்று பிடிபடும். நோய்க்குக் காரணம் குறை வாசிப்பு. பட்டினி அதற்கு மருந்தாகாது.

சங்கீதத்தில் கேள்வி ஞானம் என்று ஒன்றை மதிக்கிறோம். பிறர் பாடுவதைக் கேட்டால் என் தோடி கெட்டுவிடும் என்று ஒரு வித்வான் சொன்னால் சபை சிரிக்கும். எழுத்தில் மட்டும் அதே பேச்சுக்கு மரியாதை.

இந்த மரியாதையை இனியாவது நிறுத்த வேண்டும். பாதிப்புக்குப் பயந்து எந்தப் புத்தகத்தையும் தொடாதவர், தன் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லி வாசகரை அழைக்கிறார். தான் செய்யத் தயங்கும் வேலையை வாசகர் மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும்.