பிரியாணி பார்சலா, அரிசி மூட்டையா... உங்கள் மொபைலுக்கு வருவது எது?

கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் போகும் காலை பஸ்ஸில், கல்லூரி மாணவி ஒருவர் ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தை மொபைலில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றுதான் கடைசி நாள். திரை முழுக்க வெள்ளை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முன் சீட்டில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டின் தக்காளி விலையைத் தேடும் விவசாயிக்கும் அதே வட்டம்தான். 'நெட் சரியில்ல' என்று இருவரும் போனை உள்ளே வைத்துவிடுகிறார்கள். பல நேரம் தவறு நெட்டில் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கட்டியவர் எடுத்த முடிவிலும் இருக்கிறது.

திண்டுக்கல்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பிரியாணி ஆர்டர் செய்கிறீர்கள். பொட்டலம் வந்தால் பிரித்துச் சாப்பிடலாம். அதற்குப் பதிலாக சீரக சம்பா ஒரு மூட்டை, கறி ஒரு கிலோ, மசாலா, கூடவே செய்முறைக் குறிப்பு என்று அனுப்பி, 'நீங்களே சமைத்துக்கொள்ளுங்கள்' என்றால்? நல்ல அடுப்பு இருக்கிற வீட்டில் சமாளிப்பார்கள். இன்றைய பல வெப்சைட்கள் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கின்றன. முதலில் ஒரு காலிப் பக்கம், பின்னால் ஒரு பெரிய ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை. அதை இறக்கி, பிரித்து, ஓடவிட்டு, அதன் பிறகு தகவல் கேட்டு மறுபடி சர்வருக்கு ஒரு நடை. எட்டாயிரம் ரூபாய் போனின் அடுப்பு திணறாமல் என்ன செய்யும்?

சர்வரிலேயே பக்கத்தைத் தயார் செய்து அனுப்புவதற்கு 'சர்வர் ரெண்டரிங்' என்று பெயர். புதுசு ஒன்றுமில்லை. 1995-ல் வெளியான பிஹெச்பி செய்ததும் இதைத்தான். 2013-ல் ஃபேஸ்புக் 'ரியாக்ட்'டை வெளியிட்ட பிறகு, எல்லாவற்றையும் பிரவுசரிலேயே சமைக்கும் பழக்கம் பரவியது. அதன் சிரமங்கள் தெரிந்ததும் 2016-ல் நெக்ஸ்ட் ஜேஎஸ், பின்னர் ரீமிக்ஸ், ஸ்வெல்ட்கிட் என்று பல கருவிகள் சமையலை மறுபடி சர்வருக்கே கொண்டுபோயின.

இந்த யோசனைக்கு நம் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. கன்னிவாடி வட்டாரத்திலும் விவசாயிகளோடு வேலை செய்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு தலைமை மையம். அங்கே தகவலைத் திரட்டி, தமிழாக்கி, வயர்லெஸ் வழியே கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் போய்ச் சேர்ந்தது. கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க வேண்டியவர் கம்ப்யூட்டரைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கனமான வேலை மையத்தில், தயாரான சேதி கரையில்.

சரி, இன்று ஒரு உழவர் குழுவுக்காகவோ பள்ளிக்காகவோ இப்படி ஒரு தளம் கட்டும் இளைஞர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில், விண்ணப்பப் படிவம். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேராவிட்டாலும் அது வேலை செய்ய வேண்டும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைக் குழு 2013-ல் தன் தளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுத்தது. 1.1 சதவிகிதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் கிடைக்கவில்லை. அதை வேண்டுமென்றே அணைத்து வைத்திருந்தவர்கள் வெறும் 0.2 சதவிகிதம்தான். மற்றவர்களுக்கு வழியில் ஏதோ ஒன்று தடைபட்டிருக்கிறது. லண்டனிலேயே இந்தக் கதை என்றால், மலையடிவார பஸ்ஸில் கேட்கவே வேண்டாம். சாதாரண ஹெச்டிஎம்எல் படிவம் நேராக சர்வருக்கே போய்விடும், எந்த மூட்டையும் தேவையில்லை. பதிவானதும் பயனரை வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடுவது இன்னொரு நல்ல பழக்கம். இல்லையென்றால், பதற்றத்தில் ரெஃப்ரெஷ் செய்பவரின் விண்ணப்பம் இரண்டாவது தடவையும் பதிவாகிவிடும்.

சர்வரில் சமைத்தால் மட்டும் வேகம் வந்துவிடாது. வெங்காயத்துக்கு ஒரு தடவை, இஞ்சிக்கு ஒரு தடவை என்று கடைக்கு நடப்பதுபோல, ஒரு தகவல் வந்த பிறகே அடுத்ததைக் கேட்கும் நிரலை நிறைய பேர் எழுதுகிறார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவற்றை ஒரே நேரத்தில் கேட்டுவிடலாம். தாமதமாகும் பகுதிக்காக முழுப் பக்கத்தையும் நிறுத்திவைக்கவும் வேண்டாம். தக்காளி விலை முதலில் போகட்டும், வரைபடம் பிறகு வந்து சேரட்டும். முக்கியமான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்.

அடுத்தது கேச். ஒரு தடவை சமைத்ததை எடுத்து வைத்து எல்லோருக்கும் பரிமாறுவது. விலைப்பட்டியலுக்கு அருமையான வழி. ஆனால், ஒருவரின் பெயர், முகவரி இருக்கும் பக்கத்தை அப்படி எடுத்து வைத்தால் வம்பு. 2015 கிறிஸ்துமஸ் அன்று 'ஸ்டீம்' விளையாட்டுத் தளத்தில் இதுதான் நடந்தது. தாக்குதலைச் சமாளிக்க கேச் அமைப்பை மாற்றினார்கள். அதில் விழுந்த பிழையால் சுமார் 34,000 பேரின் பக்கங்கள் மற்றவர்கள் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. 'இது பொதுப் பக்கமா, தனிநபர் பக்கமா?' என்ற கேள்வியை ஒவ்வொரு பக்கத்துக்கும் கேட்டே ஆக வேண்டும்.

பாதுகாப்பில் பலர் வழுக்குவது வாசலில். தெருக் கேட்டில் வாட்ச்மேன் இருக்கிறார் என்று பீரோவைத் திறந்து போடுவோமா? 2025 மார்ச்சில் நெக்ஸ்ட் ஜேஎஸ்-ஸில் ஓர் ஓட்டை வெளிவந்தது. கோரிக்கையோடு ஒரு குறிப்பிட்ட தலைப்பு வரியைச் சேர்த்து அனுப்பினால், 'மிடில்வேர்' என்ற அந்த வாட்ச்மேன் சோதிக்காமலே உள்ளே விட்டுவிடுவார். தகவலை எடுத்துக்கொடுக்கும் இடத்திலும் அனுமதியைச் சோதித்திருந்தவர்களுக்கு அங்கே இன்னொரு பூட்டு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரியாக்ட்டின் சர்வர் பகுதியில் வெளிவந்த ஓட்டை இதைவிட மோசம், ஆபத்து அளவுகோலில் 10-க்கு 10. அதற்கு உடனே அப்டேட் செய்வதைத் தவிர வேறு மருந்து இல்லை. சர்வரில் சமைப்பவர் சமையலறையைப் பூட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கென்றே சில தலைவலிகளும் உண்டு. சர்வர் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். எனவே, அதிகாலை 4 மணிக்கு ஏற்றிய விலை நேற்றைய தேதியோடு வெளியாகும். மொபைல் அதை இன்றைய தேதியாக மாற்ற முயல, திரை ஒரு குதி குதிக்கும். இந்திய நேரம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்துவிட்டால் தீர்ந்தது. கடைசித் தேதிக் கணக்குக்கும் இதேதான்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு சிக்கல். யூடிஎஃப்-8 முறையில் 'க' ஒன்றுக்கே மூன்று பைட். 'கொ' இரண்டு குறிகளால் ஆனது, ஆறு பைட். பக்கத்தைத் துண்டுதுண்டாக அனுப்பும்போது ஒரு துண்டு எழுத்தின் நடுவில் முடியலாம். பைட்களைக் கவனமில்லாமல் எழுத்தாக்கி ஒட்டினால், தக்காளிக்கு நடுவே கேள்விக்குறி முளைக்கும். தலைப்பை 'முதல் 30 எழுத்து' என்று வெட்டினாலும் இதே ஆபத்துதான். 'கொத்தமல்லி' வெறும் 'க'-வில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர் கண்ணில் இது படவே படாது.

சோதிக்கச் செலவு எதுவும் இல்லை. குரோம் பிரவுசரின் டெவலப்பர் பகுதியில் நெட்டின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட்டை அணைக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்துவிட்டுப் படிவத்தைத் தமிழில் நிரப்பி, சமர்ப்பி பட்டனை இரண்டு தடவை அழுத்திப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை.