பூட்டு இன்னும் கொஞ்ச நாள் தொங்கட்டும்

2015 ஜூலையில் பார்சிலோனா மேயர் அடா கோலாவ், புதிய ஹோட்டல்களுக்கும் சுற்றுலா விடுதிகளுக்கும் உரிமம் தருவதை ஓராண்டுக்கு நிறுத்திவைத்தார். கெடு முடிகிற நேரத்தில் தடையை நீட்டித்தார். தற்காலிகம் என்று சொல்லிவிட்டு நீட்டிக்கலாமா என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் விதிமுறை எழுதி முடியும் முன்பே கதவைத் திறந்தால், வரிசையில் நிற்கும் விண்ணப்பங்கள் அத்தனையும் பழைய விதியிலேயே உள்ளே நுழைந்துவிடும்; ஓராண்டு பொறுத்ததும் வீண். நீட்டித்த அவகாசத்தில்தான், 2017 ஜனவரியில் திட்டம் வந்தது: நெரிசல் மிகுந்த பழைய நகரத்தில் ஒரு ஹோட்டல் மூடினாலும் மாற்றாக இன்னொன்று கிடையாது, புறநகர்ப் பக்கம் மட்டும் அளவோடு அனுமதி. 2019இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நகராட்சி சளைக்கவில்லை, திரும்ப எழுதியது.